வினோஜா தண்ணீர் கேட்டாள்

வினோஜாவைப் பற்றி எங்கள் ஊரில் இரண்டு கதைகள் உலவுகின்றன. கந்தசட்டி விரதத்தின்போது அவள்மீது முருகன் இறங்கினார் என்பது ஒன்று. அவளுக்கு விசர், பைத்தியம் என்பது மற்றது. காலையில் ஒன்றையும் மாலையில் மற்றதையும் சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள். அதில் அவர்களுக்கு ஒரு இடைஞ்சலும் இல்லை. இரண்டும் பொய். அன்று கோயில் மண்டபத்தில் அவள் செத்துக்கொண்டிருந்தாள். ஊர் கும்பிட்டுக்கொண்டிருந்தது.

சுன்னாகம் சந்தைக்கு வடக்கே, வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே அவளுடைய வீடு. தகப்பன் அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே இறந்துவிட்டார். தாய் செல்வநாயகி. தமையன் கோபிசங்கர் லண்டனில். செல்வநாயகியின் தமக்கை, அதாவது வினோஜாவின் பெரியம்மா, அதே ஒழுங்கையில் இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். அந்தக் குடும்பத்தில் எந்த முடிவையும் எடுப்பவர் அவர்தான். மற்றவர்கள் தலையாட்டுவார்கள்.

சிறுவயதில் வினோஜாவுக்குத் தோட்டத்து நீரிறைக்கும் இயந்திரம் ஓடத் தொடங்கினால் காதைப் பொத்திக்கொண்டு அறைக்குள் ஓட வேண்டும். புட்டின்மேல் சொதி விட்டால் சாப்பிடமாட்டாள். புட்டு ஒரு கோப்பையில், சொதி வேறு கோப்பையில் இருக்க வேண்டும். கேட்ட கேள்விக்குக் கேட்டபடியே பதில் சொல்வாள். இதையெல்லாம் வீட்டில் குழப்படி என்றார்கள். பள்ளிக்கூடத்தில் திமிர் என்றார்கள்.

"உன்ரை மண்டைக்குள்ளை மூளை இருக்கோ?" என்று ஒரு ஆசிரியை கேட்டார்.

"ஓம் ரீச்சர்."

"என்ன ஓம்?"

"எல்லாற்றை மண்டைக்குள்ளையும் இருக்கு ரீச்சர்."

கன்னத்தில் அறை விழுந்தது. அந்தக் கேள்வி கேள்வியல்ல, அடிக்கு முன்னால் வரும் சத்தம் என்று மற்றப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. அது எப்படித் தெரிந்தது என்று அவர்களுக்கும் சொல்லத் தெரியாது. அவளுக்குத் தெரியவில்லை. தெரியாததற்குத் தண்டனை; தெரிந்தவர்கள் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

பத்தொன்பது, இருபது வயதில் மாதக்கணக்காகச் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். அதற்குச் சோம்பல் என்று பெயர் வைத்தார்கள். பிறகு திடீரென்று எழுந்தாள். நித்திரை இல்லை, பசி இல்லை, வாய் ஓயவில்லை. ஒரு மதியம் சுன்னாகத்திலிருந்து காங்கேசன்துறைவரை ரயில் பாதையில் வெறுங்காலுடன் கதைத்துக்கொண்டே நடந்தாள். தெல்லிப்பழையில் கண்ட ஒருவர், இது யாருடைய பிள்ளை என்று விசாரித்துக்கொண்டே பின்னால் சைக்கிளில் போய், கடற்கரையில் அவளைப் பிடித்து வீட்டில் ஒப்படைத்தார். பெரியம்மா பேயோட்டுகிற ஒருவரிடம் கூட்டிப்போய் நூல் கட்டினார். வேப்பிலையால் அடித்தார்கள். அவள் இன்னும் வேகமாகக் கதைத்தாள். அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரி.

பைபோலர் என்றார்கள். லித்தியம் என்ற மாத்திரையை, குளிசையைக் கொடுத்தார்கள். குளிசை வேலை செய்தது. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு சில மாதங்களில் அவள் படுப்பதும் எழும்புவதும் ஒழுங்காயிற்று. அவளுடைய வாழ்க்கையில் அவளுக்கு உருப்படியாக உதவிய மிகச் சில விடயங்களில் அந்தக் குளிசை ஒன்று. அதையே அவளுக்கு நஞ்சாக்கிக் காட்ட மனிதர்கள் தேவைப்பட்டார்கள்.

கிளினிக்கில் அவளுக்கு ஒரு கதிரை இருந்தது. ஆனால் கதை அவளுடைய தலைக்கு மேலால் போய்வந்தது.

"நித்திரை கொள்ளுறாவோ?" டொக்டர் செல்வநாயகியைக் கேட்டார்.

"கொள்ளுறன்," என்றாள் வினோஜா.

"சாப்பாடு?" மறுபடியும் தாயைத்தான் கேட்டார்.

"சாப்பிடுறன்."

"பிள்ளை, நீங்கள் கொஞ்சம் வெளியிலை இருங்கோ. அம்மாவோடை ஒரு கதை கதைக்க வேணும்."

அவள் வெளியே போனாள். உள்ளே டொக்டர் செல்வநாயகிக்கு விளங்கப்படுத்தினார். நல்ல மருந்து, ஆனால் கண்டிப்பான மருந்து. தண்ணீர் நன்றாகக் குடிக்க வேண்டும். உப்பைக் குறைக்கக் கூடாது. சத்தி, வாந்தியோ வயிற்றோட்டமோ வந்தால் உடனே கொண்டுவர வேண்டும். பட்டினி, விரதம் எதுவும் கூடாது. உடம்பில் தண்ணீர் வற்றினால் மருந்து இரத்தத்தில் ஏறி நஞ்சாகும். செல்வநாயகி தலையாட்டினார். வெளியே வந்து அடுத்தவரைக் கூப்பிடும்போது டொக்டர் வினோஜாவுக்கும் ஒரு வசனம் சொன்னார்: "குளிசையை ஒருநாளும் விடக்கூடாது, என்ன?"

"ஓம்," என்றாள். அன்றிலிருந்து ஒருநாளும் விடவில்லை.

அந்த டொக்டர் கெட்டவர் அல்ல. வாசலில் சனம் குவிந்து நின்றது. அவர் சொன்ன ஒவ்வொன்றும் சரி. ஆனால் யாருடைய உடம்பைப் பற்றிய சொல்லோ அவருடைய காதுக்கு அந்தச் சொல் போகவில்லை. ஒரு மனுசிக்குச் சொல்ல வேண்டியதை இன்னொரு மனுசியிடம் கொடுத்து வைத்தார்கள், ஏதோ சாமான் கொடுத்துவிடுவதுபோல. குளிசை வந்ததோ மருந்தகத்துக் கடதாசி உறையில். அதில் நேரத்தைத் தவிர வேறு எதுவும் எழுதியிருக்காது.

செல்வநாயகி அந்தச் சாமானை ஒளித்துவைத்தார். வீட்டுக்கு வந்ததும் தமக்கை கேட்டார், என்ன வருத்தமாம் என்று.

"தைரொயிட்டாம் அக்கா."

ஏன் அந்தப் பொய் என்பது யாழ்ப்பாணத்தில் யாருக்கும் விளங்கும். அப்போது கோபிசங்கருக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். சம்பந்தம் கேட்டு வருகிறவர்கள் வீட்டுக்கு வருமுன் சந்திக் கடையில் விசாரிப்பார்கள், அயலில் விசாரிப்பார்கள், படிப்பித்த ஆசிரியரிடம் விசாரிப்பார்கள். பரம்பரையில் விசர் இருக்கிறதா என்பது முதல் கேள்விகளில் ஒன்று. சொந்தத் தமக்கையிடம் சொன்னால் அது மச்சாளிடம் போகும், மச்சாளிடமிருந்து சந்திக்குப் போகும். இந்தப் பயத்தைச் செல்வநாயகி தானாக உண்டாக்கவில்லை. ஊர் அவருக்குள் கட்டி எழுப்பியது. அதை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பயத்தில் அவர் கையில் எடுத்தது தன்னுடைய உயிரை அல்ல, மகளுடையதை.

தமையனின் கலியாணம் நடந்தது. வினோஜா வேலை தேடினாள். சுன்னாகம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெசிதா என்பவர் ஒரு போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறார். குருநகர்க் கத்தோலிக்கர், கலியாணம் கட்டிவந்த இடம் இது. வாய் கொஞ்சம் பெரிது. முதல் நாளே வினோஜா அவருக்கு எல்லாவற்றையும் சொன்னாள், ஏனென்றால் அவர் "உன்னைப் பற்றிச் சொல்லு" என்று கேட்டார்.

"எனக்குப் பைபோலர் இருக்கு. லித்தியம் போடுறன். சில நாள் வரமாட்டன்."

"எனக்குச் சலரோகம், பிறசர் ரெண்டும் இருக்கு. நானும் சில நாள் வரமாட்டன். உனக்குக் கொப்பி எடுக்கத் தெரியுமோ?"

"தெரியாது."

"அப்ப அதைச் சொல்லு முதல்."

அந்தக் கடையில் அவள் நன்றாக இருந்தாள். இயந்திரம் சொன்னதைச் செய்தது, சொல்லாததைச் செய்யவில்லை. சனம் கூடினால் ஜெசிதா அவளைப் பின்பக்கம் லமினேற் செய்ய அனுப்புவார். மேசையில் எப்போதும் ஒரு பெரிய தண்ணீர்ப் போத்தல் இருக்கும். அந்தக் குளிசை தாகம் எடுக்கவைக்கும். "உவள் எங்கடை கிணத்தை வத்தப்பண்ணிப்போடுவாள்," என்று ஜெசிதா சிரிப்பார். அவளுடைய உடம்புக்குத் தன் தேவை தெரிந்திருந்தது. ஏன் என்று மட்டும் அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

முப்பது வயதை நெருங்கும்போது ஜெசிதாதான் அவளை யாழ்ப்பாண நகரில் ஒரு பெண் டொக்டரிடம் அனுப்பினார். அந்த டொக்டர் மட்டும்தான் தாயை வெளியே இருத்திவிட்டு மகளோடு கதைத்தவர். பல தடவை கூப்பிட்டுக் கேட்டார், கேட்டதை எழுதினார், கடைசியில் சொன்னார்: உங்களுக்கு ஓட்டிசம் இருக்கிறது, பிறந்ததிலிருந்து இருக்கிறது, அது உங்களுடைய பிழையல்ல. வினோஜா அன்று பஸ்ஸில் வீடு வரும்வரை அழுதாள். துக்கமில்லை என்று தாய்க்குச் சொன்னாள். பின்னே என்ன என்று தாய் கேட்டதற்கு, "ரீச்சர் அடிச்சது பிழை," என்றாள்.

அந்த டொக்டரும் குளிசையைப் பற்றிக் கதைக்கவில்லை. அது மற்ற டொக்டரின் வேலை.

பெரியம்மாவுக்கு இது எப்படியோ தெரியவந்தது. அவர் அதை ஒரு வசனத்தில் தள்ளிவிட்டார். "ஓட்டிசம் சின்னப் பிள்ளையளுக்கு வாறது. முப்பது வயசுக் குமருக்கு வாறதுக்குப் பேர் கலியாணமாகாத வருத்தம்."

அந்த ஐப்பசியில், கந்தசட்டி தொடங்குவதற்கு முந்தின வாரம், பெரியம்மா வந்து விறாந்தையில் இருந்து தீர்ப்பைச் சொன்னார்.

"இந்தமுறை இவள் சட்டி பிடிக்கட்டும். ஆறு நாளும் உபவாசம். முருகன் ஒரு வழி விடுவார். வினோஜா, பச்சைத் தண்ணியும் பல்லிலை படக்கூடாது. விளங்குதோ?"

"விளங்குது. குளிசை?"

"தைரொயிட் குளிசைதானே. அது சாப்பாடே? மருந்து. போடு. முருகன் கோவிக்கமாட்டார்."

"தண்ணி இல்லாமல் எப்பிடி விழுங்கிறது?"

"எடி, சப்பித் தின்."

பெரியம்மா சிரித்தார். அவரோடு வந்திருந்த மச்சாளும் சிரித்தார். செல்வநாயகி குசினி வாசலில் நின்றார். டொக்டர் சொன்னது அவருக்கு ஞாபகம் இருந்தது. பிறகு அவரே அதை ஒத்துக்கொண்டார். தண்ணீர் இல்லாமல் இருக்கக்கூடாது என்று சொன்னால் ஏன் என்று தமக்கை கேட்பார். ஏன் என்று கேட்டால் இத்தனை வருடப் பொய்யும் மச்சாளுக்கு முன்னால் அவிழும். அவர் வாயைத் திறந்தார்.

"தேத்தண்ணி ஊத்தட்டோ அக்கா?" என்று கேட்டார்.

விரதம் தொடங்கியது. கோயிலில் தர்ப்பைக் காப்புக் கட்டினார்கள். எங்கள் ஊரில் சட்டி பிடிக்கிறவர்கள் நிறையப் பேர். உபவாசம் என்று சொல்லிக்கொண்டு மிளகும் தண்ணீரும் எடுப்பவர்கள் உண்டு. பாலும் பழமும் எடுப்பவர்கள் உண்டு. வினோஜாவுக்குப் பக்கத்தில் இருந்து புராணப் படிப்புக் கேட்ட ஒரு பெண், "நான் பொழுதுபட ஒரு இளநி குடிக்கிறனான், முருகனுக்குத் தெரியும், மற்றவைக்குத் தெரியாது," என்று காதுக்குள் சொல்லிச் சிரித்தார். எல்லா விதிகளிலும் இப்படி ஓட்டைகள் உண்டு. அவை எங்கே இருக்கின்றன என்று எங்களுக்கு வாய்விட்டுச் சொல்லாமலே தெரியும். தெரிவதால்தான் விதிகளோடு உயிர்வாழ முடிகிறது. வினோஜாவுக்கு விதி என்றால் முழுவதும் விதி. ஐயர் தீர்த்தம் கொடுத்தபோது அவள் வாங்கித் தலையில் தடவிக்கொண்டாள். பல்லில் படக்கூடாதே.

இரவும் காலையும் குளிசையைச் சப்பித் தின்றாள். வாய் உலோகமாகக் கசந்தது என்று பிறகு சொன்னாள். குளிசையை ஒருநாளும் விடக்கூடாது. பச்சைத் தண்ணியும் பல்லில் படக்கூடாது. இரண்டு பெரியவர்கள் இரண்டு கட்டளை இட்டிருந்தார்கள். இரண்டையும் பிசகாமல் செய்தாள். அவளை அறிந்த எவருக்கும், ஒரு நிமிடம் நின்று யோசித்திருந்தால், அவள் இதைத்தான் செய்வாள் என்று தெரிந்திருக்கும். ஒருவரும் நின்று யோசிக்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் கிணற்றடியில் வெறும் சத்தி எடுத்தாள். மத்தியானம் கை நடுங்கியது, நடை சரிந்தது. செல்வநாயகி பார்த்தார். "கொஞ்சம் படன் பிள்ளை," என்றார். மாலைப் பூசைக்குப் பெரியம்மா வந்து கூப்பிட்டபோது, "அவளுக்குக் களைப்பாய்க் கிடக்கு அக்கா," என்றார். "விரதமெண்டால் களைக்கும்தான்," என்றார் பெரியம்மா. அவ்வளவுதான் அந்தத் தாயின் எதிர்ப்பு.

பூசையில் மேளம் எழுந்தது. மணியும் சங்கும் சேர்ந்துகொண்டன. வினோஜா காதைப் பொத்தக் கையைத் தூக்கினாள். கை காதுக்குப் போகவில்லை, காற்றில் ஆடியது. உடம்பு முழுவதும் உதறத் தொடங்கியது. கால் மடிந்து முழங்காலில் விழுந்தாள்.

"கலை வந்திட்டுது," என்றது ஒரு குரல்.

கலை வருவதென்றால் சாமி ஆள்மேல் ஏறுவது. பெரியம்மா ஒரு கணம் திடுக்கிட்டார். பிறகு கைகளைத் தலைக்குமேல் கூப்பினார். மேளகாரர் அடியை வேகமாக்கினார். ஒழுங்கையில் அவள் எதிரே வந்தால் மற்றப் பக்கம் திரும்பிப் போகிறவர்கள் முன்னால் வந்து தரையில் விழுந்தார்கள். அவளுக்குச் சம்பந்தம் கொண்டுவரக் கேட்டபோது "அந்த அரை லூசுக்கோ" என்று கேட்ட தரகர் அவள் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார். பிறந்து முப்பது வருடத்தில் அந்த ஊர் அவளுக்கு மரியாதை செய்தது அன்றைக்குத்தான். அவளுடைய மூளையில் நஞ்சு ஏறிக்கொண்டிருந்தபோது.

அவள் ஏதோ சொன்னாள். நாக்குத் தடித்திருந்தது, ஆனாலும் சொல் தெளிவாகவே கேட்டது.

"தண்ணி."

"சாமி தண்ணி கேக்குது," என்றார் ஒருவர்.

குடத்தில் தண்ணீர் வந்தது. மஞ்சள் கரைத்தார்கள், வேப்பிலை போட்டார்கள். தலையில் ஊற்றினார்கள். அவள் வாயைத் திறந்தாள். ஆனால் இரண்டு பெண்கள் தோளைப் பிடித்துக் குனியவைத்திருந்தார்கள். தண்ணீர் பிடரியால் ஓடித் தரையில் விழுந்தது. "தண்ணி," என்றாள் மறுபடியும். இன்னொரு குடம் ஊற்றினார்கள். கேட்டதைக் கேட்டார்கள், கேட்டதையே கொண்டுவந்தார்கள், வாயில் மட்டும் ஒருவரும் விடவில்லை. சாமிக்கு வாய் உலராது.

"என்ரை மோனுக்கு விசா சரிவருமோ, சொல்லு அப்பனே," என்று ஒருவர் அவள் முன்னால் அழுதுகொண்டிருந்தார்.

அப்போதுதான் ஜெசிதா வந்தார். அன்னதான அறிவித்தலைக் கொப்பி எடுத்துக் கோயில் சபையிடம் கொடுக்க வந்தவர், சத்தத்தைக் கேட்டு மண்டப வாசலில் நின்றார். வினோஜா மஞ்சள் தண்ணீருக்குள் சத்தி எடுப்பதைக் கண்டார். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே போனார்.

"உதென்ன உது? சாமி சத்தி எடுக்குமோ?"

"நீ வேதக்காரி. உனக்கு என்ன தெரியும்?" என்றார் பெரியம்மா. "தள்ளி நில்."

"எனக்கு உங்கடை சாமியைத் தெரியாது அக்கா. வினோஜாவைத் தெரியும்." திரும்பித் தாயைப் பார்த்தார். "செல்வநாயகி அக்கா, இவள் குளிசை போட்டவளோ?"

செல்வநாயகி தரையைப் பார்த்தார். "ஓம்."

"தண்ணி குடிச்சவளோ?"

செல்வநாயகி தமக்கையைத் திரும்பிப் பார்த்தார்.

"வாயைத் திறந்து சொல்லுங்கோவன். குடிச்சவளோ?"

"இல்லை."

ஜெசிதா அவளைத் தூக்கினார். பெரிய உடம்புக்காரர், தூக்கக்கூடியவர். சாமி ஆடிக்கொண்டிருக்கும்போது தொடக்கூடாது என்று இரண்டு பேர் மறித்தார்கள். அவர்களுக்கு அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. ஓட்டோவில் ஏற்றும்போதும் ஒரு கிழவர் ஓடிவந்து வினோஜாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார்.

ஆஸ்பத்திரியில் இரத்தத்தைச் சுத்திகரித்தார்கள். நினைவு தெளிந்தபோது ஒரு இளம் டொக்டர் கட்டிலருகே வந்து, ஏன் இப்படிச் செய்தனீங்கள், சாக நினைச்சனீங்களோ என்று கேட்டார்.

"இல்லை. டொக்டர் குளிசையை விடக்கூடாது எண்டவர். பெரியம்மா தண்ணி குடிக்கக்கூடாது எண்டவ. ரெண்டையும் செய்தனான்."

இளம் டொக்டர் அதைக் கட்டில் அட்டையில் எழுதினார். பிறகு செல்வநாயகியிடம் திரும்பினார். "தண்ணி கட்டாயம் எண்டு உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

"சொன்னவை," என்றார் செல்வநாயகி.

"எனக்குச் சொல்லேல்லை," என்றாள் வினோஜா.

அவளுடைய கோபம் அவ்வளவுதான். அந்த இரண்டு சொற்களுக்குள் எவ்வளவு இருக்கிறது என்று அந்த அறையில் நின்ற எவரும் யோசித்திருப்பார்களா என்பது சந்தேகம். அவள் பிழைத்தாள். ஆனால் முழுமையாக அல்ல. கை நடுக்கம் போகவில்லை. இனிப் போகாது என்கிறார்கள். நாக்குச் சில சொற்களில் தடக்குகிறது. லித்தியத்தை நிறுத்தி வேறு மருந்து கொடுத்தார்கள்; அது அவளுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, உடம்பு பெருத்தது, காலையில் எழும்ப முடியவில்லை. நன்றாக வேலை செய்த ஒரு மருந்தை அவள் இழந்தாள். அதைப் பற்றி ஊரில் யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது வாசல் படலையில் கற்பூரம் கொளுத்தியிருந்தார்கள்.

பெரியம்மா அதற்குள் எல்லாவற்றையும் ஒழுங்கு செய்திருந்தார். வெள்ளிக்கிழமைகளில் சனம் வரத் தொடங்கியது. வினோஜாவின் நடுங்கும் கையைப் பார்த்து, சாமி இன்னும் உள்ளே நிற்கிறார் என்றார்கள். அந்தக் கையால் திருநீறு பூசச் சொன்னார்கள். அவள் ஒவ்வொருவருக்கும் சொன்னாள்: "இது மருந்து நஞ்சேறினதாலை வந்த நடுக்கம்." ஒவ்வொருவரும் தலையாட்டினார்கள். சாமி தன்னை மறைத்துப் பேசுவார் என்று வெளியே போய்ச் சொன்னார்கள். அவளுக்கு விசர் என்று நினைத்தபோது அவள் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. சாமி என்று நினைத்தபோதும் நம்பவில்லை.

லண்டனிலிருந்து கோபிசங்கர் வீடியோவில் கதைத்தான்.

"இப்ப ஊரிலை எங்களுக்கு ஒரு நல்ல பேர் வந்திருக்கு. அதை நீ ஏன் குழப்புறாய்?"

"அண்ணை, நான் சாகப் பாத்தனான்."

"சாகேல்லைத்தானே. பெரியம்மா சொல்லுறமாதிரி இரன். ஒருத்தரும் இனி உன்னைக் கலியாணம் ஏன் கட்டேல்லை எண்டு கேக்கமாட்டினம்."

"நான் கட்டமாட்டன் எண்டு ஏற்கனவே சொன்னனான்."

"அப்ப உனக்கு என்னதான் வேணும்?"

"வேலைக்குப் போக வேணும்."

போனாள். ஜெசிதா கதவைத் திறந்துவைத்திருந்தார். கை நடுங்கியதால் கடதாசி சரிந்து போயிற்று. அவள் இயந்திரத்தைப் பார்த்தபடி நின்றாள். "பயப்பிடாதை. உது உன்னைவிட ஆடும்," என்றார் ஜெசிதா. கடதாசியை அவர் அடுக்கினார், பொத்தானை அவள் அழுத்தினாள். பெரிய போத்தல் மறுபடியும் மேசைக்கு வந்தது.

அடுத்த கந்தசட்டியும் வந்தது. வினோஜா விரதம் பிடிக்கமாட்டேன் என்றாள். பிடிக்க வேண்டாம், கடைசி நாட்களில் மண்டபத்தில் வந்து இரு, வருகிறவர்களுக்குத் திருநீறு கொடு, அது போதும் என்றார் பெரியம்மா. வினோஜா மறுத்தாள். செல்வநாயகி அழுதார். தாயின் அழுகைச் சத்தமும் அவளுக்குத் தாங்க முடியாத சத்தங்களில் ஒன்று. வேலை முடிந்து நேரே கோயிலுக்குப் போனாள், கையில் கடைப் போத்தலோடு. அரை மணி நேரம் இருப்பேன், மேளம் தொடங்க முதல் போய்விடுவேன் என்று சொல்லிவிட்டு மண்டபத்தில் ஒரு தூணோரம் இருந்தாள்.

சனம் வரிசையாக வந்தது. அவள் போத்தலைத் திறந்து எல்லோருக்கும் முன்னால் குடித்தாள். விரத நாளில் மண்டபத்துக்குள் இருந்து குடிக்கிறாளே என்று யாரும் கேட்கவில்லை. சாமி எதையும் செய்யலாம்.

தொண்டைமானாற்றுப் பக்கத்திலிருந்து ஒரு தாய் மகளோடு வந்திருந்தார். மகளின் பெயர் நிவேதனா. இருபது, இருபத்தொரு வயது இருக்கும். கையில் தர்ப்பைக் காப்பு. உதடு வெடித்திருந்தது. தாய் விழுந்து கும்பிட்டு எழுந்தார்.

"பிள்ளை, உங்களைப் பற்றிக் கேள்விப்பட்டுத்தான் வந்தனாங்கள். இவளுக்கும் ஒரு வருத்தம், நான் வெளியிலை சொல்லுறேல்லை. குளிசை குடுக்கிறன். உங்களைமாதிரி இவளும் தண்ணி வென்னி இல்லாமல் சட்டி பிடிக்கிறாள். நாலாம் நாள். உங்களுக்கு வந்தமாதிரி இவளுக்கும் வருமோ?"

வினோஜா அந்தப் பெண்ணின் கையைப் பார்த்தாள். விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. தன்னுடைய விரல்களைப் போலவே.

"என்ன குளிசை?"

தாய் பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்தார். ஒரு வருடத்துக்கு முன் அதே மண்டபத்தில் செல்வநாயகி நின்றது போலவே நின்றார். செல்வநாயகியும் அங்கேதான், இரண்டு அடி தள்ளி, திருநீற்றுத் தட்டோடு நின்றுகொண்டிருந்தார்.

வினோஜா தாயை விட்டாள். மகளிடம் கேட்டாள். "உமக்கு என்ன குளிசை?"

அந்தப் பெண்ணிடம் யாரோ நேரே கேள்வி கேட்டு நெடுநாளாகியிருக்க வேண்டும். அவள் தாயைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள். "லித்தியம்."

"நான் சாமி இல்லை," என்றாள் வினோஜா. நாக்குத் தடக்கியதால் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "எனக்கும் அந்தக் குளிசைதான் தந்தவை. தண்ணி குடிக்காட்டில் அது நஞ்சு. அதுதான் எனக்கு வந்தது. கலை இல்லை. நீரும் சாகப் போறீர். இதைக் குடியும்."

போத்தலை நீட்டினாள்.

"இன்னும் ரெண்டு நாள் கிடக்கு," என்றார் அந்தத் தாய், பாதி பெரியம்மாவைப் பார்த்தபடி.

"வினோஜா, காப்புக் கட்டின பிள்ளைக்குத் தண்ணி குடுக்காதை. பாவம் உன்னைத்தான் சேரும்." பெரியம்மா கையை நீட்டிப் போத்தலைப் பிடித்தார்.

வினோஜா விடவில்லை. நடுங்கும் கைதான், ஆனாலும் விடவில்லை. அவளைத் தொட்டால் அவளுக்குத் தோல் எரிவதுபோல இருக்கும் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பெரியம்மாவின் விரல்கள் அவளுடைய விரல்கள்மேல் இருந்தன. தண்ணீர் தளும்பிச் சேலையில் கொட்டியது.

"கையை எடுங்கோ பெரியம்மா," என்றாள். "நீங்கள் சொன்னதைத்தான் போன முறை செய்தனான். இனிச் செய்யமாட்டன்."

மண்டபம் பார்த்துக்கொண்டிருந்தது. சாமி கோபப்படுகிறது என்று யாரோ பின்னால் முணுமுணுத்தார்கள். அதுவாவது பயன்பட்டது, பெரியம்மா கையை எடுத்தார். செல்வநாயகி தட்டைப் பிடித்தபடியே நின்றார். இந்த முறையும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நல்லாயிருக்கும் என்று எழுத எனக்கு ஆசைதான்.

நிவேதனா போத்தலை வாங்கினாள். முதல் வாய் கடைவாயால் வழிந்தது. இரண்டாவதிலிருந்து நிறுத்தாமல் குடித்தாள். மூச்சு வாங்க ஒருமுறை நிறுத்தினாள், பிறகும் குடித்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போங்கோ," என்றாள் வினோஜா தாயிடம். "இப்ப. வீட்டுக்குப் போய் இல்லை. இஞ்சையிருந்து. வெளியிலை ஓட்டோ நிக்குது." பிறகு மகளிடம்: "டொக்டர் உம்மை வெளியிலை இருக்கச் சொன்னால் இராதையும்."

மேளகாரர் தவிலைத் தூக்கி மடியில் வைப்பது தெரிந்தது. வினோஜா எழுந்தாள். ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு மற்றக் கையை நீட்டினாள்.

"போத்தலைத் தாரும்," என்றாள். "அது கடையின்ரை. நானும் குடிக்க வேணும்."